ஒரு கட்டை நெட்டை, ஒரு கட்டை குட்டை

பாலக்கரைப் பக்கம் ஹாஜிராவைப் பார்த்து 'பாவம்' என்று ஒரு தடவை சொன்னவர்கள் உண்டு. இரண்டாம் தடவை சொன்னவர்கள் கிடையாது. அவள் சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். "எனக்கு என்ன குறைச்சல்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்பாள் நிதானமாக. சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டும் நிற்பாள். அப்படி நிற்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது.

நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய வலது காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கால் இருந்தது, ஆனால் எதற்கும் உதவாது. அன்றிலிருந்து இரண்டு கக்கத்துக் கட்டைகள்தான் அவளுக்குக் கால். அவளுடைய எட்டு வயதில் தங்கை ஷரீபா பிறந்த கையோடு அம்மா மௌத்தாகிவிட, குழந்தையை ஒரு துப்பட்டியால் முதுகில் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். ஷரீபா முதன்முதலில் எழுந்து நின்றபோது பிடித்துக்கொண்டது சுவரை அல்ல, அக்காவின் கட்டையை. அதைப் பிடித்துக்கொண்டேதான் அவள் நடை பழகினாள்.

ஹாஜிராவின் தொழில் கல் பட்டை தீட்டுவது. திருச்சிக் கல் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய செயற்கை வைரக் கற்கள். ஜன்னலோரம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஒரு கையால் அதைச் சுழற்றிக்கொண்டே, மறு கையில் பிடித்த குச்சியின் நுனியிலிருக்கும் கல்லைச் சக்கரத்தில் காட்ட வேண்டும். குச்சி நுனியில் கல்லை நிறுத்துவது அரக்கு. விளக்கில் காட்டினால் அரக்கு இளகும், கல்லை வைத்துத் தண்ணீரில் முக்கினால் இறுகிவிடும். ஒரு நாளைக்கு நூறு தரமாவது இதைச் செய்வாள். கல்லின் சாய்வில் ஒரு நூல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இந்த அரக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவளை நடுக்கடலில் நிறுத்தி வேடிக்கை பார்க்கப் போவது இதுதான்.

ஷரீபாவைப் பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த முஜிபுர் ரஹ்மானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினேழு வயதில் போனவள், பதிமூன்று வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. மாதம் தவறினாலும் கடிதம் தவறாது. 1961-ல் கடிதம் நின்றது. அடுத்த பங்குனியில் முஜிபுர் ரஹ்மானே எழுதினார். எட்டு மாதத்துக்கு முன் கடைவாசலில் லாரி மோதி ஷரீபாவின் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்களாம். புண் ஆறிவிட்டது, ஆனால் அவள் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பிப் படுப்பதில்லை. டாக்டர் கொடுத்த கட்டைகளை ஜன்னல் வழியே தெருவில் வீசிவிட்டாள். 'உங்கள் பேர் சொன்னால் மட்டும் அழுகிறாள்' என்று கடிதம் முடிந்திருந்தது.

ஹாஜிரா அதை இரண்டு தரம் படித்தாள். பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்த அண்ணன் கியாசுதீன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் பினாங்கு போறேன்."

"என்ன விளையாடறியா? நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நிக்கும். படகுல போய், அது ஆடற ஆட்டத்துல ஏணியைப் பிடிச்சு ஏறணும். ரெண்டு காலு இருக்கறவனே அல்லா அல்லான்னு கத்துவான். வேணும்னா நாலு ஆளை வச்சு நாற்காலியோட தூக்கி ஏத்தலாம். அதுக்கு ஒத்துக்கறியா?"

"மூட்டை மாதிரி என்னைத் தூக்கிக்கிட்டுப் போய் அவ முன்னால இறக்கினா, அவ எந்திரிப்பாளா அண்ணே? பாத்தியா, அக்காவுக்கே இந்தக் கதிதான்னு இன்னும் நல்லாப் படுத்துக்குவா. நானே ஏறணும், நானே இறங்கணும், என் நடையில அவ கட்டில் வரைக்கும் போகணும். இல்லன்னா நான் போறதே வீண்."

தங்கை 'வீண்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேசிப் பிரயோசனமில்லை என்பது கியாசுதீனின் முப்பது வருட அனுபவம். மறுநாளே பாஸ்போர்ட் விஷயமாக அலைய ஆரம்பித்தார். அதே கப்பலில் போகவிருந்த பஷீர் அகமது குடும்பத்தோடு தங்கையைச் சேர்த்துவிடுவதாகவும் ஏற்பாடு செய்தார்.

ஹாஜிரா பினாங்குக்கு ஒரு கடிதம் போட்டாள். சலாம், நலம், மழை எதுவும் அதில் இல்லை. 'மாப்பிள்ளை, ஷரீபாவின் கக்கத்திலிருந்து குதிகால் வரை அளவு வேண்டும். நூலில் அளந்து அனுப்புங்கள்' என்று மட்டும். ஷரீபா அசந்து தூங்கிய ஒரு மத்தியானம் முஜிபுர் ரஹ்மான் திருடன் மாதிரிப் பக்கத்தில் போய் நூல் பிடித்திருக்கிறார். பதில் கடிதத்தில் மடித்து வந்த நூலின் இரண்டு முனையிலும் முடிச்சு இருந்தது. ஹாஜிரா அதைத் தன் கட்டையோடு வைத்துப் பார்த்தாள். நாலு விரற்கடை குறைவு. "இன்னும் குட்டச்சிதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நூலை எடுத்துக்கொண்டு வீரமலையிடம் போனாள். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்து பாலக்கரையில் பட்டறை போட்ட தச்சன். ஹாஜிராவின் கட்டைகளும் அவன் கைவேலைதான். ஷரீபாவுக்கு ஒரு ஜோடி செய்து, அடியில் பஸ் டயர் ரப்பரை வெட்டி ஆணியடித்துக் கொடுத்தான்.

"ஹாஜிராம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நடக்கறது வேற, ஆடறதுல ஏறறது வேற. தரை உங்களுக்காக நிக்கும். கடல் நிக்காதுங்க."

அது ஹாஜிராவுக்கும் தெரியும். அதனால்தான் ஆடி மாதம், காவிரியில் புதுவெள்ளம் வந்ததும், ஒரு குதிரைவண்டி பிடித்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனாள். பரிசல்காரன் காத்தானிடம், "என்னை அக்கரைக்குக் கொண்டுபோக வேணாம். இந்தப் படியோரமே பரிசலை ஆட்டுங்க. நான் பரிசல்லேருந்து படிக்கு ஏறிப் பழகணும்" என்றாள்.

காத்தான் அவளையும் கட்டைகளையும் பார்த்தான். இப்படி ஒரு சவாரியை அவன் ஆயுசில் பார்த்ததில்லை.

முதல் நாள் மூன்று தரம் விழுந்தாள். மூன்று தரமும் ஈரப்படியில் ரப்பர் வழுக்கியது. ஒரு தரம் காவிரித் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தாள். காத்தான் பயந்துபோய்ப் போதும் என்றான். அவள் புடவையைப் பிழிந்துகொண்டு, "எங்க தப்பு வருதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"அவசரப்படறீங்கம்மா. பரிசல் மேல எழும்புதில்ல, உச்சிக்கு வந்ததும் ஒரு கண்ணு சிமிட்டற நேரம் சும்மா நிக்கும். அப்ப கட்டைய வைங்க. கீழ எறங்கும்போது வச்சா உங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்."

அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ரப்பர் வழுக்குவதற்கு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து யோசித்தாள். யோசிக்க ஆரம்பித்தால் அவள் கை தானாகச் சக்கரத்துக்குப் போகும். கை சக்கரத்தில், கண் அரக்கில். சட்டென்று எழுந்து, தன் கட்டைகளின் அடியிலிருந்த ரப்பரைப் பிடுங்கிப் போட்டாள். அரக்கைக் காய்ச்சிக் கனமாகப் பூசி, சூடு ஆறுமுன் கல் தேய்க்கும் குருந்தப்பொடியை அதன்மேல் தூவி அழுத்தினாள். மறுநாள் பாசி பிடித்த படியில் கட்டை பல் வைத்துக் கடித்த மாதிரி நின்றது. ஷரீபாவின் ஜோடியை மட்டும் அவள் தொடவில்லை. வீட்டுத் தரைக்கு ரப்பர் போதும் என்று விட்டுவிட்டாள்.

இருபது நாள் போனாள். தினமும் குளிக்க வரும் ஒரு ஸ்ரீரங்கத்து மாமி முதல் நாள், "என்னடிம்மா இது, வேண்டாத வேலை!" என்று கன்னத்தில் கை வைத்தாள். பத்தாம் நாள், "இன்னிக்குத் தேவலை" என்றாள். இருபதாம் நாள் ஹாஜிரா விழாமல் ஏழு தரம் ஏறி இறங்கியதும், ஈரக் கையோடு வந்து தோளைத் தட்டி, "பெருமாள் துணையிருப்பார், போயிட்டு வா" என்றாள். ஹாஜிராவும் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிச் சிரித்தாள்.

புரட்டாசியில் நாகப்பட்டினம். கியாசுதீன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கப்பலின் பக்கத்தில் படகு போய் நின்றபோது, ஏணியின் அடிப்பலகை ஒரு நேரம் இடுப்பு உயரத்தில் இருந்தது, அடுத்த நேரம் காலுக்கடியில் போனது. பஷீர் அகமதுவின் மனைவி ஜஹானாரா, "யா அல்லா, நாலு பேரைக் கூப்பிடுங்களேன், தூக்கி விடட்டும்" என்று கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஹாஜிரா காதில் வாங்கவில்லை. படகு எழும்பியது. உச்சியில் நின்றது. காத்தானின் அந்தக் கண் சிமிட்டும் நேரம். கட்டையை வைத்தாள், ஒரு எம்பு எம்பினாள். அரக்கும் குருந்தப்பொடியும் ஈரப் பலகையைக் கவ்விக்கொண்டன. மேலே போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், ஜஹானாராவைத்தான் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கப்பலில் ஹாஜிரா ஒரு பெரிய மனுஷி ஆகிவிட்டாள். தளத்தில் பாய் விரித்துப் போகும் ஏழைபாழைகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்க, அவள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு பாயாகப் போய், எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் நடப்பது அவளுக்குப் புதிதா என்ன? நாலு வயதிலிருந்து அவள் ஆடாமல் நடந்ததே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் கட்டையைத் தூக்கி அடியைக் காட்டினாள். "எங்க தொழில் அரக்கு. வைரத்தையே பிடிச்சு நிறுத்தும்" என்று சொல்வாள். கொஞ்சம் கர்வம்தான். அவள் பட்ட பாட்டுக்கு அந்தக் கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

நாலாம் நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. கப்பல் ஓரத்து இரும்புத் தளத்தில் நின்று ஹாஜிரா பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் பறக்கும் என்று பாலக்கரையில் சொன்னால் யாராவது நம்புவார்களா என்று யோசித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டாள். தளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல்காரர்கள் தளம் கழுவ வந்தார்கள். குழாயிலிருந்து கடல் தண்ணீர் அவள் காலடியில் சில்லென்று பாய்ந்தது. சிரித்துக்கொண்டே நகரப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கட்டைகளும் தளத்தோடு ஒட்டி நின்றன.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது. சூட்டில் இளகும், தண்ணீரில் இறுகும். தினம் நூறு தரம் அவள் கையாலேயே செய்கிற வேலை! குச்சி நுனியில் கல்லை நிறுத்துகிற மாதிரி, கப்பல் தளத்தில் தன்னைத் தானே ஒட்டி வைத்துக்கொண்டுவிட்டாள். சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கப்பல்காரர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்து ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துப் பலமாக இழுத்தார்கள். ஒன்று தளத்துப் பெயிண்டோடு பெயர்ந்து வந்தது. மற்றொன்று அடியிலிருந்து கைப்பிடி வரை நெடுக்காகப் பிளந்துவிட்டது.

அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கப்பல் தச்சன் வந்து பார்த்து, கம்பி கட்டினாலும் கனம் தாங்காது என்று கையை விரித்தான். ஜஹானாரா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஹாஜிரா. இறங்கும்போது நாற்காலி போட்டுத் தூக்கி இறக்குவாங்களாம். முடியாதவங்களுக்கு அதுதான் வழக்கமாம். இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு இல்லையா?"

ஹாஜிரா முதல் தடவையாக அழுதாள். அவமானத்தினால் அல்ல. ஷரீபா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், அக்கா நாற்காலியில் வந்து இறங்குகிறாள் என்ற அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. தன் கர்வத்தை நினைத்து ஆத்திரம் வந்தது. வைரத்தைப் பிடித்து நிறுத்துமாம்!

பிறகு பாய்ச்சுருட்டைப் பிரித்து, ஷரீபாவின் ஜோடியை எடுத்தாள். நாலு விரற்கடை குட்டை. இரண்டையும் வைத்து நடந்தால் முதுகு வில்லாக வளைந்து, இரண்டு அடிக்கு மேல் முடியவில்லை. தன்னுடைய நெட்டைக் கட்டை ஒன்று, ஷரீபாவின் குட்டைக் கட்டை ஒன்று என்று வைத்துப் பார்த்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தோள்பட்டை வலித்தது. ஆனாலும் நடக்க முடிந்தது. நெட்டைக் கட்டையின் அடியிலிருந்த அரக்கையெல்லாம் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, மீதி இருந்த இரண்டு நாளும் தளத்தில் கோணிக் கோணி நடந்துகொண்டே இருந்தாள்.

பினாங்கில் கப்பல் துறையை ஒட்டி நின்றது. கீழே கூட்டத்தில் முஜிபுர் ரஹ்மான் கையை ஆட்டினார். ஏணியருகே நின்ற கப்பல் அதிகாரி அவளுடைய ஏறுமாறான கட்டைகளைப் பார்த்ததும் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். பஷீர் அகமது அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"விழுந்தா அவர் பொறுப்பாம்மா. உட்கார்ந்துக்கச் சொல்றார்."

"ரெண்டு படி இறங்கிக் காட்டறேன். சரியில்லன்னா நானே வந்து உட்கார்ந்துக்கறேன்னு சொல்லுங்க."

அதிகாரி யோசித்துத் தலையசைத்தார்.

ஹாஜிரா ஏணியைப் பார்த்தாள். கல்லைச் சக்கரத்தில் வைக்குமுன் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கல் கோணலாக இருந்தால் கல்லை நேராக்க முடியாது, பிடிக்கிற பிடியைத்தான் மாற்ற வேண்டும். நேராக நின்று இறங்கினால் உடம்பு சாயும். பக்கவாட்டில் திரும்பினால்? மேல்படியில் குட்டைக் கட்டை, கீழ்ப்படியில் நெட்டைக் கட்டை. படிக்குப் படி இருக்கும் வித்தியாசத்தை அந்த நாலு விரற்கடை வாங்கிக்கொள்ளும்.

திரும்பி நின்றாள். நெட்டைக் கட்டையைக் கீழ்ப்படியில் வைத்தாள். குட்டைக் கட்டை மேலே நின்றது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுடைய இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. பிஸ்மில்லா சொல்லிக் காலை இறக்கினாள். இரண்டாம் படி. மூன்றாம் படி. இரண்டு கட்டையும் ஒரே உயரமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு சுளுவாக இறங்கியிருக்க மாட்டாள். ஐந்தாம் படியில் அதிகாரி நாற்காலியைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மேலிருந்து ஜஹானாரா, "மாஷா அல்லாஹ்!" என்று துறைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். சொல்லத்தான் வேண்டும், அன்று அந்த ஏணியில் இறங்கிய எத்தனையோ பேரில் அவ்வளவு அழகாக இறங்கியவர் வேறு யாருமில்லை.

வீடு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மரப்படிகளில் குட்டை மேலே, நெட்டை கீழே என்று அதே கணக்கில் ஏறினாள். ஆனால் மாடித் தளம் சமதரை. அங்கே பழைய கோணல் திரும்பி வந்துவிட்டது. பலகைத் தரையில் அரக்குப் போன நெட்டைக் கட்டை 'டொக்' என்றது, ரப்பர் வைத்த குட்டைக் கட்டை சத்தமே போடவில்லை. டொக்... பிறகு ஒன்றுமில்லை. டொக்... பிறகு ஒன்றுமில்லை.

ஷரீபா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அக்கா வந்துட்டாங்க" என்று முஜிபுர் ரஹ்மான் சொல்லியும் அவள் திரும்பவில்லை. ஆறு நாள் கப்பலில் ஹாஜிரா எவ்வளவோ பேச்சுத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, நடந்து கட்டிலருகே வந்தாள்.

"இது அக்கா நடை இல்லையே" என்றாள் ஷரீபா, சுவரைப் பார்த்தபடியே. "அக்கா நடை எனக்குத் தெரியாதா?" என்றவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு திரும்பிப் பார்த்தாள். "ஏங்க்கா கோணி நிக்கிறே? உன் கட்டைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணு கப்பல்ல ஒடஞ்சுபோச்சுடி."

"அப்ப இது?"

"உன்னுது. உனக்குச் செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தேன். வழியில இல்லாத குறைக்கு ஒண்ணை நான் வச்சுக்கிட்டேன்."

ஷரீபா அந்தக் குட்டைக் கட்டையைப் பார்த்தாள், அக்காவின் சாய்ந்த தோளைப் பார்த்தாள். ஜாக்கெட் கைக்கு மேலே தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்ததையும் பார்த்தாள். அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று ஹாஜிரா நினைத்தாள். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது.

"அறிவிருக்காக்கா உனக்கு? அது உனக்குப் பத்துமா? தோளைப் பாரு எப்படிப் போயிருக்குன்னு! கொண்டா அதை இங்க."

கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்து, கையை நீட்டினாள். அது ஷரீபாவுடையது, கேட்கிறாள், கொடுக்க வேண்டியதுதானே? ஹாஜிரா கட்டில் காலைப் பற்றிக்கொண்டு கட்டையைக் கொடுத்தாள். ஷரீபா அதை வாங்கித் தரையில் ஊன்றினாள். ஒரு கை அதில், ஒரு கை அக்காவின் நெட்டைக் கட்டையில்.

முப்பது வருடத்துக்கு முன் பாலக்கரை வீட்டில் பிடித்த அதே இடத்தில்தான் பிடித்தாள். பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.